நொண்டாத குதிரை

குதிரையின் கால் விஷயத்தில் டாக்டரம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று லாயத்தில் பேச்சு. அவளும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அடிபட்ட குதிரைகளைத் தேற்றி மறுபடி ஓடவைக்கும் வேலையில் பதினெட்டு வருஷம். கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தானே செய்யும்!

மகாராணி அவளுடைய தங்கையின் குதிரை. ஒன்பது மாதத்துக்கு முன் அதற்கு இடது முன்காலில் தசைநார் கிழிந்தது. ஐஸ், கட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் நடை என்று அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். ஏழாம் மாதம் நொண்டல் அடியோடு நின்றது. இடது காலின் ஸ்கேனில் மட்டும் சின்ன நிழல் மிச்சமிருந்தது.

“அது பழைய தழும்பு. நடையைப் பாருடி, எவ்வளவு நேரா இருக்கு!” என்றாள். மகாராணி மறுபடி தடை தாண்டத் தொடங்கியது.

பத்து நாளில் போட்டி. காலையில் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. பயிற்சி முகாமுக்குப் போக வண்டியில் ஏற்றும்போதுதான் கதவு விளிம்பு உரசி, அதே இடது காலில் ஒரு கீறல். இரண்டு தையல் போதும். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, ஐந்து நிமிஷத்தில் தைத்து முடித்தாள்.

“மெதுவா நடத்திட்டு வாங்க,” என்றாள்.

குதிரைக்காரர் நாலடி நடத்திவிட்டு நின்றார். “டாக்டரம்மா, என்னங்க இது? நொண்டுதே!”

“மரத்திருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்.”

“இடதுல இல்லைங்க. வலதுல.”

அவள் பார்த்தாள். வலது கால் தரையைத் தொடும்போதெல்லாம் மகாராணி தலையை வெடுக்கென்று தூக்கியது. அவள் ஸ்கேன் கருவியை இழுத்துவந்து வலது காலில் வைத்தாள். ஒன்பது மாதத்தில் அந்தக் காலில் அதை ஒரு தடவைகூட வைத்ததில்லை. திரையில் தசைநாருக்கு நடுவே கறுப்பாய் ஒரு ஓட்டை.

“என்னக்கா ஆச்சு? ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?” வண்டியருகே நின்ற தங்கை ஓடிவந்தாள்.

அக்கா கருவியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். “இடது கால் குணமாகலடி. அந்த வலியில வலது கால்மேலயே பாரத்தைப் போட்டு, அதையும் கெடுத்துக்கிட்டா. ரெண்டு காலும் ஒரே அளவு வலிச்சிருக்கு. அதான் எந்தப் பக்கமும் நொண்டல. இப்ப ஊசியில இடது மரத்ததும் வலதோட வலி வெளிய வந்துருச்சு.”

“அப்ப ரெண்டு மாசமா?”

“வலியோடதான் நடந்திருக்கா.”

அக்கா சான்றிதழைத் தங்கையிடமிருந்து திரும்ப வாங்கி நாலாகக் கிழித்தாள்.  பதினெட்டு வருஷத்தில் எந்தக் குதிரையும் அவளை இப்படி உலுக்கியதில்லை.

தங்கை மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“போன வாரம் தாண்ட மாட்டேன்னு நின்னாளே, உனக்கு ஃபோன் பண்ணேனே.”

அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவள் வேறொரு குதிரைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சும்மா அடம் பிடிக்கிறா, சாட்டையால ஒண்ணு வையின்னு சொன்ன,” என்றாள் தங்கை. “வச்சேன்கா. உடனே தாண்டிட்டா.”