பதினாலு வீட்டுக்கு ஒரு ஹலீம்

எருமைக்குளம் என்பதுதான் அந்தக் குளத்துக்குப் பெயர். எருமைகள் இறங்கிக் குளித்ததால் வந்த பெயர், அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பெரிய முத்துக்குளிப்பு நடந்த வருடம் சிலாவத்துறைக் கரையில் கை நிறையச் சம்பாதித்தவர்கள், இங்கே காற்று நன்றாக வருகிறது, பட்டினத்துக் கருவாட்டு மணம் எட்டாது என்று சொல்லிக்கொண்டு குளத்தின் வடகரையில் வரிசையாகக் கல்வீடு கட்டினார்கள். கட்டி முடிந்ததும் எருமை என்ற சொல் அவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. கடிதத் தலைப்பில் முத்துக்குளம் என்று அச்சடித்துக்கொண்டார்கள். எருமைகளை அடித்துத் துரத்தினார்கள். மன்னாரிலிருந்து நறுவிலிக்குளம் போகிற வண்டிப்பாதையில் மொத்தம் பதினாலே பதினாலு வீடு. பேச்சைக் கேட்டால் கொழும்பே இவர்களைப் பார்த்துத்தான் நாகரிகம் படித்தது என்று நினைக்கவேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணிக்கூடு இருந்தது. ஒன்று பத்து அடித்து ஓயும்போது அடுத்த வீட்டில் பத்து அடிக்கத் தொடங்கும். யன்னல்களுக்கு நிறக்கண்ணாடி. அப்துல் ஹமீட் முதலாளி உலாப் போவதற்கென்று ஒரு சின்ன வள்ளம் வாங்கிப் பச்சை வர்ணம் பூசிப் படிக்கட்டில் கட்டியிருந்தார். அவருக்குத் தண்ணீரென்றால் பயம், ஆகையால் அதில் கொக்கு மட்டும் ஏறி இருந்தது. சங்கு வியாபாரியின் விதவை உம்மு குல்சூம் வீட்டில் நாற்பது கதிரை, நாற்பதுக்கும் துணி போர்த்தியிருக்கும், யாரும் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு அமிர்தநாயகம் வீட்டில் ஒரு அலுமாரி நிறையச் சட்டப் புத்தகம். அவரோடு ஐந்து நிமிடம் பேசினால் அதில் நாலைந்து நம் தலையில் விழும்.

குளத்து விதானை சிங்கராசாவுக்கு அந்தப் பதினாலு வீட்டையும் நினைத்தாலே தலையிடி வரும். குளத்தையும் குளக்கட்டையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ள அரசாங்கம் நியமித்த ஆள் அவர். குளக்கட்டுக்குச் சரிநேர் கீழே, கீழ்வயல் என்ற இருபது மண்வீட்டுக் குடியிருப்பில் மனைவி சிவக்கொழுந்தோடு இருந்தார். கட்டு உடைந்தால் முதலில் போவது அந்த இருபது வீடும் அதைச் சுற்றிய வயலும்தான். இதை வடகரைக்காரருக்கு அவர் சொல்லாத வருடம் இல்லை. அவர்கள் தலையாட்டாத வருடமும் இல்லை.

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்கு வடகரையில் பழைய காலத்து வான் ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீர் பாய்கிற பள்ளத்தில்தான் இவர்கள் குரோட்டன் நட்டு, ஊஞ்சல் கட்டி, தோட்டம் வைத்தார்கள். இரண்டு மாரி தோட்டம் நனைந்தது. மூன்றாம் வருடம் கல்லும் சுண்ணாம்பும் வைத்து வானை அடைத்துவிட்டார்கள். எடுங்கோ என்று சிங்கராசா கேட்கப் போனபோதெல்லாம், வான் யாருடைய காணிக்குள் இருக்கிறது என்று முதலில் அளந்து காட்டும்படி நொத்தாரிசு திருப்பிக் கேட்டார்.

போகட்டும் என்று விட்டாலும் கட்டு இருக்கிறதே. குளத்துத் தண்ணீரைப் பாவிக்கிற ஒவ்வொரு வீடும் மழைக்கு முன்னம் கட்டில் தன் பங்குக்கு மண் போடவேண்டும். கயிறு பிடித்து அளந்து, இது உன் பங்கு, இது என் பங்கு என்று கல் நாட்டியிருக்கும். கீழ்வயல் இருபது பங்கும் புரட்டாசி பிறக்க முன்னரே முடிந்துவிட்டது. வடகரை வீடுகளின் பதினாலு பங்கும் நட்ட நடுவில், கீழ்வயலின் உச்சந்தலைக்கு மேலே, வருடக்கணக்காக மண் காணாமல் இரண்டு முழம் தாழ்ந்து கிடந்தது.

அந்த வருடமும் சிங்கராசா வீடு வீடாகப் போனார். ஹமீட் முதலாளி தேத்தண்ணி கொடுத்து, தலைமன்னாரில் சுறா பிடித்த கதையைச் சொல்லி, ஆள் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். நொத்தாரிசு, அறிவித்தலை எழுத்தில் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்ததும் அதிலே இரண்டு பிழை திருத்தினார், பிறகு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். உம்மு குல்சூம் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பினால் தானும் அனுப்பத் தயார் என்றாள். பக்கத்து வீட்டுக்காரரும் அப்படியே சொன்னார். மற்ற வீடுகளிலும் இதே கூத்துத்தான். ஆனாலும் கடைசியில் பதினாலு வாயும் ஆள் வருவான் என்று சொல்லிவிட்டதால், மனிதர் கொஞ்சம் நம்பிவிட்டார்.

திங்கட்கிழமை விடியக் கட்டுக்குப் போனார். அங்கே ஒரே ஒருவன் ஒரே ஒரு மண்வெட்டியோடு குந்தியிருந்தான். ஹலீம். முள்ளிக்குளத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவன். கழுதையில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி, விறகு கொத்தி, வடகரை வீடுகளில் வேலை செய்பவன்.

"எந்த வீட்டுக்கு வந்தனீ?" என்று சிங்கராசா கேட்டார்.

"எல்லா வீட்டுக்கும்தான், விதானையார். ஒவ்வொருத்தரும் தனித்தனியக் கூப்பிட்டுச் சொன்னவை. நான் ஆருக்கு மாட்டன் எண்டுறது?"

நாலு வீட்டில் காலைச் சாப்பாடும் கொடுத்தார்களாம். மறுத்தால் குறை நினைப்பார்கள் என்று நாலையும் சாப்பிட்டுவிட்டு, குனிய முடியாமல் குந்தியிருந்தான். அவனைக் கோபிப்பதா, அவனை அனுப்பியவர்களைக் கோபிப்பதா, நம்பிய தன்னையே கோபிப்பதா என்று சிங்கராசாவுக்குத் தெரியவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. நேரே வடகரைக்குப் போய், பதினாலு பேரும் அனுப்பியது ஒரே ஆளைத்தான் என்று வாசலுக்கு வாசல் சொன்னார்.

வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தார். வெட்கமாவது! ஹலீம் தன்னுடைய ஆள், ஆகவே தன் பங்கு வந்து சேர்ந்துவிட்டது, ஆள் அனுப்பாதவர்கள் மற்றப் பதின்மூன்று பேரும்தான் என்று ஹமீட் முதலாளி சொன்னார். நொத்தாரிசும் இதையே சட்டம் காட்டிச் சொன்னார். உம்மு குல்சூம், தான் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டதாகவும் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னதாகவும் திரைக்குப் பின்னாலிருந்து வாதாடினாள். செவ்வாயும் புதனும் இந்த வழக்கிலேயே போயின. யார் முதலில் கூப்பிட்டது என்று சாட்சி சொல்வதற்கு ஹலீமை வீடு வீடாக இழுத்துக்கொண்டு திரிந்ததால், கட்டுக்கு வந்த அந்த ஒரு மண்வெட்டியும் இல்லாமல் போயிற்று.

புதன் மாலை கீழ்வயல் ஆட்கள் சிங்கராசா வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். அவர்களுக்காகச் சிவக்கொழுந்துதான் பேசினாள்.

"இருபது வீடும் ரெண்டு நாள் நிண்டா நடுக்கட்டு முடிஞ்சிடும். மானம் கறுக்குது. அவையளோட மல்லுக்கட்டாமல் விடுங்கோ, நாங்களே போடுறம்."

சிங்கராசாவுக்கு அது காதில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. எத்தனை வருடம் அலைந்திருக்கிறார். எத்தனை தேத்தண்ணி, எத்தனை சுறாக்கதை.

"ஒருத்தரும் அதில ஒரு கடகம் மண் போடக்கூடாது," என்றார். "இண்டைக்கு நாங்கள் போட்டா நாளைக்கு எங்கட பிள்ளையளும் அவங்களுக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கவேணும். இந்தமுறை அவங்கள் வந்துதான் போடவேணும்."

விதானை சொன்னால் சொன்னதுதான். ஆட்கள் கலைந்து போனார்கள். சிவக்கொழுந்து உள்ளே போய் விதைநெல் மூட்டையை இழுத்துப் பரண்மேல் ஏற்றினாள்.

வெள்ளி மத்தியானம் மழை பிடித்தது. ஐப்பசி மழை தூறிப் பார்த்து வருவதில்லை, வந்ததும் கொட்டத் தொடங்கிவிட்டது. மூன்று மணிக்குள் காட்டுத் தண்ணீர் முழுதும் குளத்துக்குள் இறங்கி, நடுக்கட்டின் விளிம்புக்கு ஒரு சாணில் வந்து நின்றது. அந்தப்பக்கம் தண்ணீர், இந்தப்பக்கம் பத்து முழப் பள்ளத்தில் கூரைகள். கீழ்வயல் ஆட்கள் வைக்கோலும் பாயும் ஓலையும் கொண்டு ஓடிவந்து அடுக்கினார்கள். ஈரமண்ணை அள்ளிப்போட, போட்ட மண் கரைந்து ஓடியது. புதன்கிழமை தான் சொன்ன வார்த்தை அப்போது சிங்கராசாவுக்கு ஞாபகம் வந்தது. அதை நினைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

மண்வெட்டியையும் இரும்பு அலவாங்கையும் தூக்கிக்கொண்டு வடகரைக்கு ஓடினார். வழியில் கழுதையை மழைக்கு ஒதுக்கிக்கொண்டு நின்ற ஹலீமையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் வானை அடைத்திருந்த சுவரைக் குத்தினார்கள். சுண்ணாம்பு பெயர்ந்தது, ஒரு கல் அசைந்தது, பிறகு மிச்சக் கல்லைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. பழைய பள்ளத்தை விசாரித்து அறியவேண்டிய தேவை தண்ணீருக்கு இருக்கவில்லை. குரோட்டனையும் ஊஞ்சலையும் சுருட்டிக்கொண்டு பதினாலு வளவுக்குள்ளும் முழங்கால் அளவுக்கு ஏறியது. பச்சை வள்ளம் முதன்முதலாக உலாப் போயிற்று.

அப்போது வந்தார்கள் பாருங்கள். பதினாலு வீட்டுக்காரரும் தாங்களே வந்தார்கள். பட்டுச் சாரம் மடித்துக் கட்டி, கையில் மண்வெட்டியோடு. உம்மு குல்சூம் வீட்டிலிருந்துகூட அவளுடைய தம்பி இரண்டு மண்வெட்டியோடு வந்தான். இத்தனை மண்வெட்டி அந்தக் கரையில் இருந்ததென்று சிங்கராசாவுக்கு அன்றுதான் தெரியும். வானைத் திருப்பி அடைப்பதற்குத்தான் வந்தார்கள். அடைத்தால் கீழ்வயல் போகும்.

சிங்கராசா உடைப்புக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதில மண் போடுறதெண்டா என்னில போடுங்கோ," என்றார். "இல்லாட்டி உங்கட பங்குக்குப் போங்கோ. நடுக்கட்டு உயர்ந்தாப் பிறகு இதில பாதிக்குப் பலகை வைக்க விடுறன்."

நொத்தாரிசு ஏதோ ஒரு சட்டத்தைத் தொடங்கினார். தண்ணீர் அவருடைய செருப்பைக் கழற்றிக்கொண்டு போனதால் அது அரைவாசியில் நின்றது. ஹமீட் முதலாளிதான் முதலில் திரும்பி நடந்தார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். பிறகு இரண்டு மணி நேரம், கீழ்வயல் ஆட்கள் கடகத்தில் சுமக்க, வடகரைக்காரர் வெட்டிப்போட, அந்தப் பதினாலு பங்கும் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் எழும்பியது. பொழுது படுவதற்குள் மழையும் விட்டது. ஒரு கூரை போகவில்லை.

சிங்கராசா குளிரில் நடுங்கிக்கொண்டு கட்டுக்கு வந்தார். உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கடைசியில் அவர்களைக் குனியவைத்துவிட்டோமே என்ற சந்தோஷம். சேறு பூசிய கடகத்தோடு நின்ற சிவக்கொழுந்திடம் அதைச் சொல்லவும் சொன்னார்.

"இந்த மழை பொழுதுபட்டாப் பிறகு வந்திருந்தா?" என்று கேட்டாள் அவள்.

"வரேல்லைத்தானே."

"அவையளுக்குப் பாடம் படிப்பிக்கிறதுக்கு எங்கட தலைக்கு மேல தண்ணியை வைச்சிருந்தனீங்கள்."

சொல்லிவிட்டு நடந்துபோனாள். அதற்குப் பிறகு சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். தான் என்ன பிழை செய்தேன், ஊரைக் காப்பாற்றியது நானல்லவா என்று சிங்கராசா பொருமிக்கொண்டு திரிந்தார்.

பதினோராம் நாள் விசாரணை என்று அரசாங்கக் கச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. வடகரைக்காரர் மனுப் போட்டிருந்தார்கள். நொத்தாரிசு மூன்று பக்கம் எழுதியிருந்தார். விதானை சுவரை உடைத்து வளவுகளை நாசமாக்கினார் என்பது முதல் குற்றம். தாங்கள் வருடா வருடம் தங்கள் கையாலேயே கட்டுக்கு மண் போட்டு வருகிறவர்கள் என்று நடுவில் ஒரு பந்தி. கீழ்வயல் மக்கள் கட்டைத் திருத்த முன்வந்தும் விதானை தடுத்துவிட்டார் என்பது கடைசி வரி. தண்ணீர் ஊற்ற வந்த இடத்தில் ஹலீம் கீழ்வயலில் கேள்விப்பட்டுக் கள்ளமில்லாமல் சொன்னதை நொத்தாரிசு பொறுக்கி வைத்திருந்தார். விசாரணைக்குப் பதினாலு வீட்டுக்காரரும் நேரத்துக்கு வந்து வராந்தாவில் நின்றார்கள். அன்றைக்கும் ஒருவரும் ஆள் அனுப்பவில்லை.

அரசாங்க ஏஜண்டர் துரை முதல் குற்றத்தை ஒரு நிமிடத்தில் தள்ளினார். வான் குளத்துக்குச் சொந்தம், அடைத்ததுதான் பிழை என்றார். நடுப் பந்தியை வாசித்தபோது சிரித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்து, இது உண்மையா என்று மொழிபெயர்க்கிற முதலியார் மூலம் கேட்டார்.

கீழ்வயலிலிருந்து அதற்குச் சாட்சி சொல்ல ஒருவரும் வந்திருக்கவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் உத்தியோகம் நிற்கும். மனு முழுதும் பொய், இந்த ஒரு வரி மட்டும் உண்மை, அதையும் அமிர்தநாயகம் அல்லவா எழுதியிருக்கிறார் என்று சிங்கராசாவுக்கு எரிந்தது. பரண்மேல் ஏற்றிய விதைநெல் மூட்டை கண்ணுக்குள் வந்தது.

"ஓம் ஐயா," என்றார். "அவையள் கேட்டவை. நான்தான் மறிச்சனான்."

உத்தியோகம் அன்றைக்கே போயிற்று. வெளியே வேப்பமரத்துக்குக் கீழே சிவக்கொழுந்து நின்றாள். வருவாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. இரண்டு பேரும் பட்டினம் தாண்டி நடந்தார்கள். பிறகு அவள் உள்ளே என்ன கேட்டார்கள் என்று விசாரித்தாள். அவர் ஒன்றும் விடாமல் சொன்னார். தான் ஓம் என்று ஒப்புக்கொண்டதையும், கொஞ்சம் பெருமையாகவே, சொன்னார்.

சிவக்கொழுந்து நின்றுவிட்டாள்.

"துரை கேட்ட உடன ஒப்புக்கொண்டனீங்கள்," என்றாள். "இருபது வீட்டுச் சனம் பதினொரு நாளா உங்கட முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டது. எங்களிட்ட ஏன் சொல்லேல்லை?"

வீடு போய்ச் சேர இன்னும் மூன்று மைல் இருந்தது. கீழ்வயலில் முதலில் எந்த வீட்டுப் படலையைத் தட்டிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சிங்கராசா அவளுக்குப் பின்னால் நடந்தார்.