பெரிய டாக்டர் கர்ப்பமான காலை

எங்கள் பரிசோதனைக் கூடத்தின் பெரிய டாக்டர் அன்று காலை பதினோரு மணிக்குள் நான்கு முறை கர்ப்பமானார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. தன் பெயரில் வந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான்காவது ரிப்போர்ட் என் அக்காவுடையது. கல்யாணமாகி ஒன்பது வருடம். தாளை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டாள். அவர் கிளம்பி வந்துகொண்டிருந்தார்.

"பேரு டாக்டரோடது. ரிசல்ட்டாவது என்னோடதாடா?" என்று கேட்டாள்.

பார்த்துச் சொல்வதாகச் சொல்லி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கூடத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவன் நான்.

ரிப்போர்ட் அச்சடிக்கும் புரோகிராமை எழுதிய இந்த பிஎச்பி மொழி இருக்கிறதே, இதில் ஒரு பக்கத்துக்குள் இன்னொரு கோப்பை இழுத்துச் சேர்த்தால், அதாவது இன்க்ளூட் செய்தால், அது தனி அறையில் தங்காது. நம் அறையிலேயே பாயை விரித்து, நம் டப்பாவில் இருப்பதைக் கொட்டிவிட்டுத் தன் சாமானைப் போட்டு வைக்கும். ரிப்போர்ட் பக்கம் ‘நேம்’ என்ற வேரியபிள் டப்பாவில் நோயாளியின் பெயரை வைத்திருந்தது. தாளின் மேலே டாக்டர் பெயரை அச்சடிக்க நேற்று சேர்த்த தலைப்புக் கோப்பு அதே ‘நேம்’-இல் டாக்டரைப் போட்டுவிட்டது. ஃபங்ஷன் என்கிற தனி அறைக்குள் அதை அடைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. எந்த மடையன் பார்த்த வேலை இது என்று வாய் நிறையத் திட்டினேன். கோப்பின் முதல் வரியில், எழுதியவர் என்று என் பெயர் இருந்தது.

அடுத்த வரியில் டாக்டர். அதற்கும் அடுத்த வரியில், அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க நானே போட்டு, அழிக்க மறந்த ஒன்று. ‘ரிசல்ட்’: கர்ப்பம் உறுதி.

அழித்தேன். மிச்சத்தை ஃபங்ஷனுக்குள் அடைத்து, நான்கையும் மறுபடி பிரிண்ட் எடுத்தேன். ஒருத்திக்கு நிஜமாகவே உறுதி. அது அக்கா இல்லை. மற்றவர்களைப் போனில் கூப்பிடச் சொல்லிவிட்டு, அவள் தாளை நானே கொண்டுபோனேன். பாவி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா மேலிருந்து படித்தாள். கடைசி வரியில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"இப்ப பேரு சரியா இருக்குடா," என்றாள்.

தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே மச்சான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. என்னை உள்ளே போகச் சொன்னாள், தானே சொல்லிக்கொள்வதாக. நான் போகவில்லை.