வருஷம் திரும்பாத வீடு

என் மகள் மகிஷாவுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஆண்டு விழா நடனப் பயிற்சி நடக்கும்போது மற்ற பிள்ளைகளின் பைகளைப் பார்த்துக்கொள்வது. "பேக் டியூட்டி" என்று சொன்னாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏதோ பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நான் யாரிடமும் எதையும் அதிகம் கேட்கவில்லை.

என் மனைவி ஷாலினி மழைக்காலத்தில் இறந்தாள். காய்ச்சல். இது நடந்தது டிசம்பரில். எனக்கு விக்ரோலியில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு தாராவியில். பள்ளி இரண்டு சந்து தள்ளி. காலையில் மகிஷாவைக் கொண்டுபோய் விட முடியும். மதியம் பள்ளி விட்டால் கூட்டிவர ஆள் கிடையாது.

அதைப் பெற்றோர் சங்கம் எடுத்துக்கொண்டது. பள்ளியில் எல்லோரும் பி.டி.ஏ. என்றுதான் சொல்வார்கள். பெயரில்தான் பெற்றோர். உள்ளே முழுக்க அம்மாக்கள். செயலாளர் விஜயராணி அக்கா, வீட்டில் இட்லி அவித்து சயான் பக்கம் கடைகளுக்குப் போடுகிறவர். ஷாலினி இறந்து காரியம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். "மத்தியானம் புள்ளைய மெஹராஜ் கூட்டிட்டுப் போயிருவா. காலச் சாப்பாட்டுக்கு இட்லி எங்க வீட்டுலருந்து வரும். நீங்க வேலையப் பாருங்க தம்பி." நான் தலையாட்டினேன். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

அப்படியே நடந்தது. மெஹராஜ் அக்காவின் மகள் ஜுவைரியா மகிஷாவின் வகுப்பு. அவர் கணவர் நாகூர் மீரான் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். மேல்மாடியில் வீடு. மகிஷா அங்கேதான் சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள், நான் வரும்வரை இருந்தாள். காலையில் நான் பின்னிவிட்ட சடையைப் பள்ளி வாசலில் யாராவது ஒரு அம்மா அவிழ்த்து மறுபடி பின்னுவார். என்னைப் பார்க்காமல்தான் செய்வார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி நிற்பேன்.

அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஷாலினியின் எண் அதில் இருந்தது. என்னைச் சேர்க்கவில்லை. ஆம்பிளை உள்ளே வந்தால் அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். தேவையானதை மட்டும் மெஹராஜ் அக்கா எனக்குத் தனியாக அனுப்புவார். நாளை வெள்ளை ஷூ. வியாழன் லீவு.

ஒரு சனிக்கிழமை அனுப்பியது: ஆண்டு விழா மீட்டிங், முடிந்தால் வாங்க.

போனேன். குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். நான் ஒருவன்தான் ஆண். ஒரு அம்மா டீ கொடுத்தார். இன்னொருவர் ஃபேனை என் பக்கம் திருப்பினார். துக்கத்துக்கு வேர்க்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இரண்டாம் வகுப்பு கோலி நடனம் ஆடுகிறது. மும்பை மீனவர் ஆட்டம். பிள்ளைகள் கூடை வைத்துக்கொண்டு ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். மெஹராஜ் அக்கா சேலைகளைச் சின்னதாகத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். விஜயராணி அக்கா பெண் பிள்ளைகளின் பெயர் படிக்க, அந்தந்த அம்மா எழுந்துபோய் வாங்கிக்கொண்டார்கள். பச்சைத் துணி, மஞ்சள் கரை. கடைசிப் பெயர் ஜுவைரியா. மெஹராஜ் அக்கா அதை மடித்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

மகிஷா பெயர் வரவில்லை.

பக்கத்தில் இருந்த கீதாவிடம் கேட்டேன். அவர் மகனும் அந்த வகுப்புத்தான். அவர் போனைப் பார்த்தார். "டீச்சர்ட்ட கேளுங்கண்ணா."

வகுப்பு ஆசிரியை சாவந்த் வராந்தாவில் இருந்தார். நான் கேட்டதும் அவருக்கே ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா?" என்றார் இந்தியில். "உங்கள் ஆட்களில் வீட்டில் சாவு விழுந்தால் பிள்ளைகள் ஒரு வருஷம் ஆடக் கூடாதாமே. பி.டி.ஏ. மேடம் சொன்னார்கள். மகிஷா முன்வரிசை. அவளுக்குத்தான் ஸ்டெப் முதலில் வந்தது. நான் என்ன செய்ய முடியும்?"

"அழுதாளா?"

"இல்லை. சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுப் பைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பையைப் பார்த்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவளாக ஆரம்பித்தது."

நான் வகுப்பறைக்குத் திரும்பினேன். அம்மாக்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இல்லையென்றால் என் மகள் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். அதனால் குரலை உயர்த்தாமல் கேட்டேன்.

"அக்கா, மகிஷாவ ஏன் எடுத்தீங்க?"

விஜயராணி அக்கா பேனாவை மூடினார். "எடுக்கல தம்பி. துட்டி வீட்டுப் புள்ளல்லா. இன்னும் வருஷம் திரும்பல. பட்டுக் கட்டிப் பொட்டு வச்சு மேடையில ஆடவிட்டா ஒங்க ஆளுகளே என்ன பேசுவாவ? எங்க மாமனார் செத்த வருஷம் தீவாளிக்கி எம்புள்ள ஒத்தை மத்தாப்பு கொளுத்துனான். இன்னைக்கி வரைக்கும் எங்க நாத்தனா சொல்லிக் காட்டுதா. அந்தப் பேச்சு ஒங்களுக்கு வேண்டாம்னுதான்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"எப்படிக் கேக்க?" அவர் குரல் சட்டென்று இறங்கியது. "பொஞ்சாதியப் பறிகொடுத்துட்டு நிக்க ஆம்பளகிட்டப் போயி, ஒம்ம மக ஆடலாமாய்யான்னு கேட்டா நாங்கள்லாம் மனுசங்களா? கேக்க வாய் வருமா?"

"நான் கேட்டுருவோம்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார் மெஹராஜ் அக்கா. "ஒனக்கு எங்க வழமை தெரியாது, சும்மா கெடன்னு வாய அடைச்சிட்டீங்க."

"ஆமா, ஒனக்கு வாய அடச்சா அடஞ்சிரும்."

கீதா சிரிப்பை அடக்கினார். மெஹராஜ் அக்கா சிரிக்கவில்லை. மடியில் இருந்த பச்சைச் சேலையை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இது மகிஷா எடந்தான் தம்பி. அவ எடத்துலதான் எம்மகளப் போட்டாங்க. நீங்க வாங்கிக்குங்க. ஜுவைரியாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

நான் கையை நீட்டவில்லை. ஜுவைரியா வீட்டில்தான் என் மகள் தினமும் சாப்பிடுகிறாள்.

"வேண்டாம்க்கா. அவ இருக்கட்டும். இவளும் ஆடட்டும்."

"ஜோடி ஆட்டம் தம்பி. ஒத்தையா ஒண்ணு நிக்கும்" என்றார் விஜயராணி அக்கா. பிறகு மெதுவாகக் கேட்டார். "ஆட விடுததுன்னா, ஷாலினியோட அண்ணன்? அவரு முன்னால உக்காந்து பாப்பாரே. கோயில் கமிட்டி ஆளுகளத்தான எப்பவும் முன்னால உக்கார வைப்போம்."

இசக்கிப்பாண்டி. ஷாலினியின் அண்ணன். எங்கள் ஆட்களின் சங்கக் கோயில் கமிட்டியில் இருக்கிறார். ஷாலினிக்குக் கொள்ளி வைத்த பிறகு என்னைத் தாங்கி வீட்டுக்குக் கூட்டிவந்தவர். கோபித்தால் பேச்சை நிறுத்திவிடுவார். எனக்கு இந்த ஊரில் அவரை விட்டால் சொந்தம் கிடையாது.

அங்கேயே போன் போட்டேன். அம்மாக்கள் யாரும் வெளியே போகவில்லை. போவதுபோல் நின்றார்கள்.

"சொல்லு மாப்ள" என்றார்.

சொன்னேன். பின்னால் அவர் வேலை பார்க்கிற பட்டறையில் லேத்து ஓடுகிற சத்தம் கேட்டது.

"வருஷம் திரும்பலயே மாப்ள. இன்னும் தலத்தெவசம் குடுக்கல."

"தெரியும் மச்சான்."

"புள்ள கேக்குதா?"

"கேக்கல. அதான்."

மறுபடி லேத்துச் சத்தம். யாரையோ அதை நிறுத்தச் சொன்னார். நின்றது.

"ஷாலினியும் அப்படித்தான். வேணும்னு வாயத் தொறக்க மாட்டா" என்றார். "ஆடட்டும். எவனும் கேட்டா நான் சொன்னேம்னு சொல்லு. நான் மட்டும் அன்னைக்கி வரல மாப்ள. என்னால பாக்க முடியாது. எம்பொண்டாட்டி வருவா."

போனை வைத்தேன். கேட்க வேண்டியது எல்லோருக்கும் கேட்டிருந்தது. விஜயராணி அக்கா சேலை முந்தியைச் செருகிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

சாவந்த் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. வரிசை முடிந்துவிட்டது, ஜோடி உடைந்தால் பின்வரிசை மறையும், விழாவுக்கு நாள் இல்லை. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. விஜயராணி அக்காவின் இந்தி திருநெல்வேலியிலிருந்து வந்த இந்தி.

"டீச்சர், ஏக் பச்சி ஜாஸ்தி ஆயேகா தோ ஸ்டேஜ் கிரேகா க்யா?"

ஒரு பிள்ளை கூடினால் மேடை இடிந்துவிடுமா என்கிறார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விஜயராணி அக்கா தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தார். இங்கே ஜோடி, இங்கே ஜோடி, நடுவில் படகு. படகுக்கு முன்னால் துடுப்புப் போட ஒரு பிள்ளை வேண்டாமா?

"துடுப்பு ஆட்டத்தில் இல்லை மேடம்" என்றார் டீச்சர்.

"இப்ப இருக்கு."

டீச்சர் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார். மகிஷாவுக்குப் பழைய ஸ்டெப் மட்டும்தான் தெரியும், நடுவில் மாற்றியதெல்லாம் தெரியாது என்றார். திங்கட்கிழமை பார்ப்பேன், வரவில்லை என்றால் இல்லை என்றார். தப்பாக ஆடி எல்லோர் முன்னாலும் நின்றால் பிள்ளைக்குத்தான் கஷ்டம். அதையும் மறுக்க முடியவில்லை.

"புதுசும் தெரியும்" என்றார் மெஹராஜ் அக்கா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"எங்க வீட்டுல ஆடுதாளுவ. மகிஷாதான் ஜுவைரியாவுக்குச் சொல்லிக் குடுக்கா. கதவச் சாத்திக்கிட்டு. நான் தடுக்கல. தம்பிகிட்டச் சொல்லவும் இல்ல. மனசு கஷ்டப்படுவீங்களோன்னு." அவர் விஜயராணி அக்காவைப் பார்த்தார். "ஒங்ககிட்டயும் சொல்லல. நீங்க வந்து கதவத் தட்டுவீங்க."

விஜயராணி அக்கா சாக்குக்கட்டியைக் கையில் வைத்தபடி நின்றார். "தட்டித்தான் இருப்பேன்" என்றார்.

மெஹராஜ் அக்காவோடு அவர் வீட்டுக்கு நடந்தேன். கீழே பட்டறையில் மிஷின்கள் ஓடின. ரெக்சின் வாசனை. ஏணி மாதிரியான படி. மேலே கதவு சாத்தியிருந்தது. உள்ளே போனில் பாட்டு. தரைப் பலகையில் கால்கள் விழுகிற சத்தம். அதற்கு மேல் ஒரு குரல், அதட்டுகிற குரல். "லெஃப்ட்டு கால் முன்னாடி. அய்யோ, லெஃப்ட்டு ஜுவைரியா. பத்தக் மாதிரி நடக்காத." வாத்து மாதிரி நடக்காதே என்கிறாள். என் மகளின் குரல் என்று எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரமானது. வீட்டில் அவள் இத்தனை சத்தமாகப் பேசி ரொம்ப நாளாகிறது.

மெஹராஜ் அக்கா கதவைத் திறந்தார். மகிஷா என்னைப் பார்த்தாள். கை அப்படியே இறங்கியது. போனை எடுத்துப் பாட்டை நிறுத்தினாள். பிறகு சுவரோரம் போய், "நான் ஆடல. இவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

"ஆமா அங்கிள். இவ ஆடல. சும்மா காட்டுனா" என்றாள் ஜுவைரியா. பொய் அவளுக்குச் சுத்தமாக வரவில்லை.

நான் உட்கார்ந்தேன். அவள் முகம் என் கண்ணுக்கு நேராக வந்தது. என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன்.

"உனக்கு ஆடணுமா?" என்று கேட்டேன்.

அவள் மெஹராஜ் அக்காவைப் பார்த்தாள். ஜுவைரியாவைப் பார்த்தாள். "ஜுவைரியா எடம் அது."

"அவ எடம் அவளுக்கு. உனக்கு வேற எடம். படகுக்கு முன்னால."

"படகே கெடையாதேப்பா."

"விஜயராணி ஆன்ட்டி வச்சுட்டாங்க. திங்கக்கிழமை டீச்சர் பார்ப்பாங்க. நீ சரியா ஆடுனா உண்டு."

அவள் யோசித்தாள். "மாமா திட்டுவாங்களா?"

"மாமாகிட்டக் கேட்டாச்சு."

"நீங்க?"

"நான் திட்ட மாட்டேன். ஆடு. பார்க்கிறேன்."

நடுவில் வந்து நின்றாள். ஜுவைரியா பாட்டைப் போடப் போனாள். மகிஷா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்பா. சிரிச்சுக்கிட்டே ஆடணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. சிரிக்காட்டி மார்க் போயிரும்." என் கண்ணைப் பார்க்காமல் கேட்டாள். "சிரிக்கலாமா?"

மெஹராஜ் அக்கா அளவு நாடாவை எடுக்கிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிரிக்கலாம்" என்றேன்.

பாட்டு வந்தது. முதல் தடவை அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, எண்ணி எண்ணி ஆடினாள். ஒரு ஸ்டெப்கூடத் தப்பவில்லை. மறுபடி என்றேன். மறுபடி ஆடினாள். திரும்புகிற இடத்தில் ஜுவைரியா தப்பான பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் நெற்றி மோதி உட்கார்ந்தார்கள். ஜுவைரியா "வாத்து நீதான்டி" என்றாள். அப்போது மகிஷா சிரித்தாள். சத்தமாக. சிரித்தபடியே என் பக்கம் பார்த்தாள். நிறுத்தவில்லை.