ஒரு சாண் கூட்டி வெட்டிய கூடாரங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாய் அதற்கும் முன்னால் வந்து நிற்கும். இல்லாவிட்டால் தெருக் கூட்டத்தில் எழுந்து, "ரெடிமேடா கூடாரம் வாங்கினா பாதிப் பேருக்குத்தான் வரும். துணிய வாங்கிக் குடுங்க, நானும் எங்க வீட்டுக்காரரும் தைச்சுத் தர்றோம்" என்று சொல்லியிருப்பேனா?

வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குக் கூடாரம் அனுப்பத் தெருவே சேர்ந்து பணம் திரட்டியிருந்தது. சலூன்காரர் ஒரு நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார். டீக்கடை அக்கா கல்லாவை மேசையில் கவிழ்த்தார். எங்கள் தையல் கடைக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் மட்டும் உண்டியலைக் கண்டதும், ஸ்டாக் பார்க்க வேண்டும் என்று மாடி ஏறியவர், இறங்கவே இல்லை. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர்.

நிவாரணக் குழுவிலிருந்து ஒரு மேடம் வந்து அளவு சொன்னார். ஐந்து பேர் படுக்கிற கூடாரம், இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம். "உங்க தெருவை நம்பி பன்னிரண்டு குடும்பம் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் லாரி வரும்" என்றார். வாங்கிய தார்ப்பாய் பன்னிரண்டுக்குச் சரியாக வரும் என்று நான்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

எங்கள் கடையில் இந்தப் பக்கம் என் மெஷின், அந்தப் பக்கம் அவர் மெஷின். அவருக்குப் பேண்ட், எனக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம். தார்ப்பாயை நான் வெட்ட, அவர் தைக்க, தெருப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து கயிறு கோர்க்க, கடை களை கட்டிவிட்டது. சனிக்கிழமை காலையில் பத்தாவது கூடாரத்தை வெட்டி முடித்து, அடுத்ததற்குத் துணியை இழுத்தேன். ரோலில் வெறும் அட்டைக் குழாய்தான் இருந்தது.

வீட்டுக்காரர் டேப்பை எடுத்து, தைத்து வைத்த கூடாரம் ஒன்றை அளந்தார்.

"மேடம் சொன்ன அளவா இது?"

"அதே அளவுதான்."

"எல்லாப் பக்கமும் ஒரு சாண் கூட இருக்கே!"

அப்போதுதான் உறைத்தது. யூனிபார்ம் தைக்க வருகிற ஒவ்வொரு அம்மாவும், "வளர்ற பிள்ளை, கொஞ்சம் விட்டுத் தைங்க" என்றுதான் சொல்வாள். இத்தனை வருஷத்தில் அந்தக் 'கொஞ்சம்' என் கைக்கே பழகிவிட்டது. வாயில் பேச்சு ஓட, கை தன்பாட்டுக்கு விட்டு வெட்டியிருக்கிறது.

"கூடாரம் என்ன, அடுத்த வருஷம் ஆறாங்கிளாஸ் போகுதா?" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் ரெண்டு குடும்பத்துக்கு ஒன்றுமில்லை என்பது புரிந்தது. கூடுதல் துணியை வெட்டி எடுத்தாலும் துண்டு துண்டாகத்தான் வரும். ஒட்டுப் போட்டால் தையலுக்குத் தையல் மழை இறங்கும். தெரு கொடுத்த காசு. வாக்குக் கொடுத்தது நான். அங்கே ஈரத் தரையில் படுக்கப்போவது யாரோ.

அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். ஏணியைச் சாத்தி ஏறி, எங்கள் கடை முன்னால் வெயிலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துக் கீழே போட்டேன்.

"பதினொண்ணு" என்றேன்.

பன்னிரண்டாவதற்கு? எல்லாருடைய பார்வையும் தானாகப் பக்கத்துக் கடைக்குப் போனது. தெருவிலேயே நீளமான தார்ப்பாய் ஹார்டுவேர் கடை முன்னால் கட்டியிருந்ததுதான். மடிப்புகூடக் கலையாத புதுசு.

கடைக்காரர் வெளியே வந்தார். "எதுக்கு எல்லாரும் மேல பாக்குறீங்க?"

"சும்மாதான்ணே" என்றார் டீக்கடை அக்கா.

"போன மாசம்தான் வாங்கினேன்."

"தெரியும்ணே. நல்ல துணி. ஒழுகாது."

அவர் எங்களைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். "பாக்காதீங்கய்யா! எடுத்துத் தொலைங்க!" என்று கத்திவிட்டு, "இருங்க, நீங்க கிழிச்சிடுவீங்க" என்று தானே ஏணியில் ஏறினார்.

அந்த ரெண்டையாவது சரியான அளவுக்கு வெட்டப்போனேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். "துணிதான் இருக்கே. அவங்களுக்குப் பெருசு, எங்களுக்குச் சின்னதான்னு அங்க சண்டை வரும். விட்டே வெட்டு." பன்னிரண்டாவது கூடாரத்தின் நெற்றியில் 'ஆணி, பெயிண்ட், குழாய் வகைகள் மலிவு விலையில்' என்று சிவப்பு எழுத்து விழுந்தது. லாரி ஹாரன் அடிக்கும்போது வீட்டுக்காரர் கடைசித் தையலில் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அங்கே திரும்பவும் மழை என்று செய்தி வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயிலுக்குக் கட்டிய துணி அடைமழையைத் தாங்குமா? மறுநாள் காலையில் ஹார்டுவேர்காரர் செருப்புகூடப் போடாமல் போனோடு ஓடி வந்தார்.

"தங்கச்சி, நம்ம கூடாரத்துல இருந்து பேசுறாங்க! துணியில நம்பர் போட்டிருந்ததை நானே மறந்துட்டேன்!"

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "ராத்திரி பூரா மழைங்க. ஒரு சொட்டு உள்ள வரல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அளவெல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அஞ்சு பேருக்குன்னு குடுத்தாங்க. நேத்து இருட்டுற நேரத்துல நாலு பேர் நனைஞ்சுக்கிட்டு வந்தாங்க. அவங்களுக்குக் குடுக்கக் கூடாரம் மிச்சமில்ல. எங்ககூடவே படுக்க வெச்சுக்கிட்டோம். நெருக்கிப் படுத்தா இடம் சரியா இருந்துச்சுங்க."

சந்தோஷத்தில் முகத்தை யூனிபார்ம் துணியில் மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தார்.

ஹார்டுவேர்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அம்மா, ஈரத்துணி மாட்டக் கொக்கி இருக்கா? இல்லையா? காசா? அதை யாரு கேட்டா இப்ப!" என்று அதட்டினார். பிறகு, ஆளுக்கு ஒன்று, ஒன்பது கொக்கி என்று சொல்லிக்கொண்டே வெயிலில் தன் கடைக்கு ஓடினார்.