தாயம்மா எந்தப் பாதி?

அடையாறு ஆற்றோரத்துக் குடிசைகளுக்கு நடுவே இருந்த அடிபம்பில் தாயம்மா குடத்தை வைத்ததும், பக்கத்து வீட்டு அமீனா பீ அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தாயம்மாவுக்குக் குடலில் புற்றுக் கட்டி எடுத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

"நீ அடிக்காதே. ஞாயித்துக்கிழமை நிஷாவப் பொண்ணு பாக்க வராங்களாமே? நீ இருக்கசொல்லவே முடிச்சிடணும்னு உங்கண்ணன் அழுதுக்கினே சொன்னாரு."

புருஷன் செத்த பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கி தாயம்மா வளர்த்த பெண் நிஷா. பிளஸ் டூ படிக்கிறாள், பதினெட்டுகூட முடியவில்லை. பெற்றவளுக்கே தெரியாமல் கல்யாணமா? அதென்ன, 'இருக்கசொல்லவே'? உயிரோடு இருக்கும்போதே என்றா?

குடத்தை அப்படியே விட்டுவிட்டுத் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அங்கே ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அண்ணன் மண்ணாங்கட்டி முதலில் மழுப்பினான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"ஆபரேஷனுக்கு மின்ன ரத்தம் எடுத்தாங்களே, அதுல கட்டியோட புரதம் ஏதோ ரொம்ப அதிகமா கீதாம். அப்டி இருந்தா நோவு திரும்பி வருமாம். உன்னாண்ட எப்டி சொல்றது? அது திரும்பாம இருக்க டாக்டரு சொன்ன ஊசியும் வேணாம்னுட்டேன். சும்மா உன்ன இன்னாத்துக்கு வதைக்கணும்?"

எல்லாம் சரியாகிவிட்டது, இனி ஊசி தேவையில்லை என்று அவன் சொன்னதை நம்பி அம்மனுக்குப் பொங்கல் வைத்தவள் அவள். அழுகை வரவில்லை. மறுநாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"உங்கண்ணன் வேண்டாம்னுட்டாரேம்மா" என்றார் டாக்டர் ஜெயலக்ஷ்மி.

"அவனுக்கா நோவு? என்னாண்ட சொல்லும்மா. அந்தப் புரதம் இன்னா சொல்லுது?"

டாக்டர் அவளை உட்காரச் சொல்லி, மறைக்காமல் பேசினார். "உங்கள மாதிரி அது கூடுதலா இருக்கறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்ப வரலாம்."

"மீதிப் பாதி?"

"நல்லா இருக்காங்க."

"நான் எந்தப் பாதின்னு அதுல எழுதிக்கீதா?"

"இல்லம்மா. அது எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. ஆனா ஊசி போட்டா நல்லா இருக்கறதுக்கு வாய்ப்பு கூடும். இத உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

"அப்ப இன்னிக்கே போடு."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு வந்தபோது, ஊசியால் வாயெல்லாம் புண்ணாகி, கண் இடுங்கி இருந்தாள் தாயம்மா. ஆனாலும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"டீ குடிச்சிட்டுப் போங்க. பொண்ணு உள்ள பரிட்சைக்குப் படிச்சிக்கினு கீது. கல்யாணப் பேச்சு இப்ப இல்ல."

வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். மண்ணாங்கட்டிக்கு அவமானமாகப் போயிற்று. "நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனா, நிஷாவுக்கு யாரு கீறா?" என்று கேட்டான்.

"அப்பவும் அது படிச்ச பொண்ணா நிக்கும்ணே" என்றாள் தாயம்மா. "நோவு எனக்கு. நல்லதோ கெட்டதோ, மொதல்ல என்னாண்ட சொல்லணும். இன்னா வரும்னு ரத்தத்துல பாக்கறது வைத்தியம் செய்யறதுக்குத்தான். உசுரோட கீறவளுக்குப் பாடை கட்டவும், அவ பெத்தத அவசரமாத் தள்ளிவிடவும் இல்ல."