கிழவியின் வயது

சோபா வாசல் நிலையில் மாட்டிக்கொண்டது. ஒரு முனையை அவளும் மறுமுனையைப் பக்கத்து வீட்டுக்காரரும் பிடித்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள். கூடத்தில் கிடத்த இடம் வேண்டும்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிம்மா. ஆங், அப்படித்தான்."

அப்போது அவள் போன் அடித்தது. சோபாவை அப்படியே விட்டுவிட்டு, அதன் கைப்பிடியைத் தாண்டி உள்ளே போய் எடுத்தாள்.

"உங்க வண்டி எங்க பட்டறைலதான் நிக்குது," என்றது ஒரு கனத்த குரல். "பிரேக் ஏன் பிடிக்கலைன்னு பாத்துச் சொல்லச் சொல்லி போலீஸ்ல கேட்டிருக்காங்க. அது எந்த வருஷத்து மாடல்?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பேப்பர்ல அறுபத்தெட்டுன்னு இருக்கு. வண்டியைப் பாத்தா எனக்கு அப்படித் தோணலை. அதான் கேக்கறேன்."

சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்த தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான். அவனுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பார்த்தான்.

"நேர்லயே வரேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பா நர்சரி வைத்திருந்தார். பூந்தொட்டிகளையும் கன்றுகளையும் அந்தப் பழைய பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். வண்டிக்குக் கிழவி என்று பெயர் வைத்தவரும் அவரேதான். "பேப்பரெல்லாம் சும்மா. கிழவி ரெண்டு வயசைக் குறைச்சுச் சொல்லிக்கிட்டுத் திரியறா. பொண்ணு பாக்க வர்றப்ப இதெல்லாம் சகஜம்," என்பார், அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. அம்மா கரண்டியை ஓங்குவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அதை ஒரு தகவலாக யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

போன வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள அவள் வந்திருந்தாள். வண்டியின் பிரேக் சிலிண்டர் ரொம்ப நாளாகவே கசிந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்து நடமாடுவதற்குள் புதிது போட்டு அசத்திவிட வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. அவன் போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன், கை ஓடும். உதிரிபாகக் கடையிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, அலமாரியில வண்டி பேப்பர் இருக்கும். வருஷம் என்னன்னு பாரு." அவள் பார்த்தாள். படித்துச் சொன்னாள்.

நேற்றுக் காலை ஒரு இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. கீழே ஒரு மதில்சுவர் இருந்தது.

ஆஸ்பத்திரி நடைவழியில் தம்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "நான் போட்ட பிரேக்கு, அக்கா." அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அவள் வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. கதவை இரண்டு கையாலும் அடித்தாள். அவன் திறந்து, "மூஞ்சி கழுவினேன்," என்றான். அவன் அந்தப் பக்கம் போனதும், அவனுடைய ஸ்க்ரூ டிரைவரையே எடுத்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். யாரும் எதற்கென்று கேட்கவில்லை. அம்மா மட்டும் பார்த்தாள்.

அவனை வீட்டில் விட்டுப் போக அவளுக்குத் தைரியம் இல்லை. கூட்டிப்போகவும் தைரியம் இல்லை.

"கிளம்புடா. பட்டறைக்குப் போகணும்."

அவன் உடனே எழுந்து செருப்பை மாட்டினான், இதற்காகத்தான் காத்திருந்தவன் மாதிரி.

டாக்சியில் போய் இறங்கினார்கள். பட்டறைக்காரர் பெரிய உடம்புக்காரர். கை நிறைய கிரீஸ். அவர்களைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "அப்பாகிட்ட நாந்தான் வீட்டுக்கு எலுமிச்சங்கன்னு வாங்கினேன்," என்றார். "பேசிக்கிட்டே இருப்பாரு."

கிழவி ஒரு மூலையில் நின்றது. முன்பக்கம் உள்வாங்கியிருந்தது. பின்பெட்டியில் உடைந்த தொட்டிகளும் செம்மண்ணும். தம்பி வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றான்.

"பானெட் நெளிஞ்சு இறுகிக் கெடக்கு, அப்புறம்தான் திறக்கணும்," என்றார் பட்டறைக்காரர். "முதல்ல வருஷம் தெரிஞ்சாகணும். முகப்பு அறுபத்தெட்டுதான். ஆனா முகப்பை யாரு வேணும்னாலும் மாத்தலாம். கதவுக் கீலைப் பாருங்க, பழைய மாதிரி. இந்தத் தகட்டுலயும் அறுபத்தெட்டுன்னுதான் அடிச்சிருக்கு, ஆனா ஆணி புதுசு. எப்பவோ கழட்டி மாட்டியிருக்காங்க. இதை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது."

"வருஷம் எதுக்கு?" என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது.

அவர் தம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார். "பெடல்லேர்ந்து ஒரு தண்டு வந்து சிலிண்டருக்குள்ள உக்காரும். பழைய மாடல்ல அந்தக் குழி ஆழம். அறுபத்தெட்டுல ஆழத்தைக் குறைச்சுட்டாங்க. வெளிய பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. பழைய வண்டியில புதுசைப் போட்டா கொஞ்ச நாள் நல்லாத்தான் பிடிக்கும். ஒருநாள் தண்டு நழுவிடும். அப்புறம் பெடல் சும்மா தரைக்குப் போகும்."

தம்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"அறுபத்தெட்டுன்னா?" என்றாள் அவள்.

"அறுபத்தெட்டுன்னா வேற காரணம் தேடணும்."

சேசிஸ் பொய் சொல்லாது என்றார் அவர். வலது முன்சக்கரத்துக்குப் பின்னால், இரும்புச் சட்டத்தில் எண் அடித்திருப்பார்களாம். அதன்மேல் எத்தனையோ கை பெயிண்ட் ஏறியிருந்தது. அவர் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். பச்சை உதிர்ந்தது, அதற்கடியில் நீலம், அதற்கடியில் துரு. அவள் டார்ச் பிடித்தாள். வெளிச்சம் ஆடியது. "நேராப் பிடிங்க," என்றார் அவர். இரண்டு கையாலும் பிடித்தாள்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"இது ஃபேக்டரி. இதுக்கு அடுத்த ரெண்டும்தான் வருஷம். ஆறு..." அவர் ஊதினார், தேய்த்தார். "அடுத்தது... எட்டு மாதிரி இருக்கு."

அவளுக்கு மூச்சு வந்தது. எட்டு, எட்டு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். இத்தனை காலம் வராத பக்தியெல்லாம் அந்த ஒரு எண்ணின்மேல் வந்தது.

"இல்ல. இருங்க. மேல் வளையத்துல துரு அடைச்சிருக்கு. ஆறாவும் இருக்கலாம்."

சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து எண்ணின்மேல் அழுத்தித் தேய்த்தார். பிறகு கட்டைவிரலால் மேலாகத் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கியது. மேல் வளையம் மூடவில்லை. வாய் திறந்தே இருந்தது.

"அறுபத்தாறு," என்றார் பட்டறைக்காரர். "ரெண்டு வருஷம் எங்கயோ விக்காம நின்னிருக்கு. வித்த வருஷத்தைப் பேப்பர்லயும் தகட்டுலயும் போட்டுட்டாங்க."

தம்பி அப்படியே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது. பட்டறையில் எங்கு பார்த்தாலும் கூரான சாமான்கள். அவனுக்கும் அவற்றுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"வருஷத்தைப் படிச்சுச் சொன்னது நாந்தான்டா," என்றாள்.

"இருந்ததைத்தானே படிச்ச," என்றான் அவன்.

பட்டறைக்காரர் கடப்பாரையை எடுத்தார். பானெட் கிறீச்சிட்டு, எதிர்த்து, கடைசியில் விட்டுக்கொடுத்தது. அவர் குனிந்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"தம்பி, இங்க வா. இதா நீ போட்டது?"

அவன் எழுந்து வந்தான். எட்டிப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. "இல்ல. இது பழசு. நான் கழட்டினது இது. பக்கவாட்டுல தேஞ்சிருக்கு பாருங்க."

"தண்டு அதோட இடத்துலதான் இருக்கு, நழுவலை. சிலிண்டர்ல சொட்டு ஆயில் இல்ல. கசிஞ்சு கசிஞ்சு கடைசில காத்துதான் இருந்திருக்கு."

"புதுசு எங்க?" என்றாள் அவள்.

பட்டறைக்காரர் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையின் முதுகை முன்னால் சாய்த்தார். பின்னால் ஒரு துண்டு மூட்டையாகக் கட்டியிருந்தது. பிரித்தார். புதிய சிலிண்டர். சுத்தமாகத் துடைத்திருந்தது. அதன் போல்ட்டுகள் தனியாக ஒரு காகிதத்தில் பொட்டலமாக மடிக்கப்பட்டிருந்தன, விதைகளை அப்பா மடித்துக் கொடுப்பாரே, அதே மடிப்பு.

பட்டறைக்காரர் சிலிண்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் பட்டறைக்காரர். "இது சேராதுன்னு பாத்துட்டு, பழசையே திருப்பி மாட்டியிருக்காரு. சரியானது கிடைக்கிற வரைக்கும் ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டிக்கலாம்னு நெனைச்சிருப்பாரு. நிறைய பேரு அப்படித்தான் ஓட்டறாங்க."

தம்பி புதிய சிலிண்டரை வாங்கி, அதன் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். விரல்நுனிகூட முழுதாக இறங்கவில்லை.

"நேத்துக் காலைல கிளம்பறப்ப," என்றான், "என்னைக் கூப்பிட்டு, 'மொதலாளி, பிரேக் வெண்ணெய் மாதிரி இருக்குடா'ன்னாரு. நர்சரி ஆளுங்ககிட்டயும் சொன்னாராம். எம் பையன் போட்டதுன்னு."

அவள் அவன் முதுகில் கை வைத்தாள்.

"உன்னால இல்லடா," என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "அப்ப நான் சரியானதைப் போட்டிருந்தா?"

பட்டறைக்காரர் பிரஷ்ஷை எடுத்து, அதில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் டாக்சி காத்திருந்தது. தம்பி சிலிண்டரை அங்கேயே வைத்துவிட்டு வந்தான். பின் இருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாளே தவிர, திருப்பிக் கூப்பிடவில்லை.

"அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றான் தம்பி.

"போயிட்டுச் சொல்லிக்கலாம்."

பாலத்தின் உச்சி வந்தது. அந்தப் பக்கம் சாலை நீளமாகக் கீழே இறங்கியது. அடியில் சிக்னல் சிவப்பாக எரிந்தது. அதற்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வண்டி வேகமெடுப்பதாக அவளுக்குத் தோன்றியது. தம்பியின் வலதுகால் முன்னால் நீண்டு, கீழே கிடந்த ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். முழங்கால் விறைத்திருந்தது. அவனைத் தொடுவதற்காகக் கையை நகர்த்தியபோதுதான், தன் காலும் அப்படியே அழுந்தியிருப்பது தெரிந்தது.

டாக்சி மெதுவாக வந்து, முன்னால் நின்ற வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு நின்றது.

இருவரும் காலை எடுக்கவில்லை.