தூணுக்காக ஆடியவள்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைக் கண்டாலும் நின்று பார்க்க வேண்டும். வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நிற்பார்கள். ஒருத்தி அடிபட்டால் இன்னும் கிட்டே வருவார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் குளக்கரையில் ஒரு பதினாறு கால் மண்டபம். சீட்டாடுகிறவர்களை விரட்ட என்னைக் காவல் போட்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த அருணாதேவி என்ற பெண், டவுனில் இருந்த ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துக்கொண்டு தினமும் காலையில் அங்கே வந்தாள். பாட்டில்லை, சலங்கையில்லை. தூணில் முதுகை மோதுவாள், சரிவாள், எழுந்து மறுபடி மோதுவாள். அந்தக் கல் நிற்கிற விதத்துக்குத் தகுந்த ஆட்டமாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிவந்து காட்டப்போவதாகவும், அதுவரை யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னாள். தலையாட்டினேன். நம்பவில்லை. புத்தியுள்ளவள் கல்லில் போய் மோதுவாளா?

வெள்ளிக்கிழமை தலையை விரித்துப் போட்டு ஆடினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள். அதில் ஒருவன் பரசுராமன், பேய் ஓட்டுகிறவன். புளிய விளாறை ஒடித்துக்கொண்டு மண்டபத்தில் ஏறினான். முதல் அடியிலேயே தோளில் ரத்தம் வந்தது.

"யார்டி நீ? எந்த ஊரு?"

பேயிடம் கேட்கிற கேள்வி அது. அவளுக்கு எப்படித் தெரியும்? பெயரையும் ஊரையும் சொன்னாள்.

"இங்க இன்னாடி வேலை உனக்கு?"

"இந்தத் தூணுக்காக ஆடறேன்."

அவ்வளவுதான். பேய் தூணில் குடியிருக்கிறது என்று கூட்டமே முடிவு கட்டிவிட்டது. முடியைப் பிடித்துப் புளியமரத்துக்கு இழுத்துப் போனார்கள். உச்சி மயிரை மரத்தில் ஆணி வைத்து அடித்து, பிறகு அறுத்துவிட்டால் பேய் மரத்தோடு நின்றுவிடும், அதுதான் வழக்கம். பரசுராமன் கல்லெடுத்து ஆணியை அடித்தான். திமிறியவளின் முகத்தை இரண்டு பேர் மரத்தில் மோதினார்கள்.

"ஐயா, நீங்க சொல்லுங்க" என்றாள் என்னைப் பார்த்து.

நான் சொல்லவில்லை. நிஜமாகவே பேயாக இருந்தால்?

மறுபடி மோதினார்கள். பல் உடைந்து கீழே விழுந்தது. பேயோ பெண்ணோ, இன்னொரு மோதலைத் தாங்கமாட்டாள் என்று தெரிந்தது. தடியை ஓங்கிப் பரசுராமன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கீழே விழுந்தவனை முழங்காலிலும் ஒன்று போட்டேன்.

"அது ஆட்டம்டா, நாயே."

கூட்டம் என் மேல் பாய்ந்தது. விலாவில் இரண்டு எலும்பு போயிற்று. போலீஸ் ஜீப் வந்த பிறகுதான் விட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்ப வந்தாள். தலை மொட்டை. கூடப் பத்துப் பேர். அதே தூணில் மோதினாள். தன் கையாலேயே தன்னைப் பிடித்து மரம் வரைக்கும் இழுத்துப் போனாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அன்னைக்கு சும்மா நின்னீங்களே ஐயா, அதே இடத்துல கொஞ்சம் நில்லுங்க. அதுவும் இங்க நடந்ததுதானே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கின அடியை ஆடிக்காட்டினால் வலி குறையுமா? பார்க்க வந்த பத்துப் பேரும் சும்மாதானே நிற்கிறார்கள்?

"எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தேன். பின்னால் கல்லில் முதுகு மோதியது. நான் நிற்கவில்லை.